கற்பவர்க்கு ஏற்ற சிறகு

வானில் பறக்க விழைந்தோர் பலர். புதிதாய்ப் பறப்போர்க்கெனச் சிறகு சமைத்துத் தந்தோர் சிலரே. அச்சிலருள் ஜெர்மானிய வடிவமைப்பாளர் ருடால்ஃப் கைசரை முன்வரிசையில் வைத்துப் போற்ற வேண்டும் என்பது நம் கருத்து.

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரத்து அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் சிறகு கட்டிப் பறந்தார் என்றும், வால் அமைக்காமையால் இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும் வரலாற்றாசிரியர் அல்மக்கரி குறித்துள்ளார். ஏறுவதினும் இறங்குவதே அரிது என்னும் பாடம் அதில் அடங்கியுள்ளது.

எஞ்சினின்றிக் காற்றில் மிதந்து செல்லும் கிளைடர்கள் நெடுங்காலம் மரத்தாலும் துணியாலும் ஆக்கப்பட்டன. 1957-இல் ஸ்டுட்கார்ட் நகரில் உருவான 'ஃபீனிக்ஸ்' கண்ணாடியிழை யுகத்தைத் தொடங்கி வைத்தது. வழவழப்பான இறக்கைகளால் வேகம் மிகுந்தது. ஆயினும் புதுமையின் பயன் போட்டி வீரர்க்கே பெரிதும் கிட்டியது. கைசரோ கற்போரை நினைந்தார். அவரது ஏ.எஸ்.கே. 21, ஆசிரியரும் மாணவரும் அமரும் ஈரிருக்கைக் கிளைடர். 1983-இல் பறந்த ஏ.எஸ்.கே. 23, அதே இயல்பினை உடைய ஓரிருக்கைக் கிளைடர்.

ஈரிருக்கையில் மாணவர் தவறினால் திருத்த ஆசிரியரின் கை உண்டு. ஓரிருக்கையில் அக்கை இல்லை. ஆகவே வானூர்தியின் இயல்பே ஆசிரியராதல் வேண்டும். இதன் சக்கரம் உள்ளிழுக்கப்படுவதன்று; எனவே இறக்க மறந்து தரைதொடும் பிழைக்கு இடமில்லை. முன்பு பழகிய கைப்பழக்கமே இங்கும் துணை நிற்கும்.

எளியது ஆற்றல் குன்றியது எனச் சிலர் கூறலாம். 15 மீட்டர் இறக்கை கொண்ட இது, அமைதியான காற்றில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 34 கிலோமீட்டர் செல்லவல்லது. எளிமை வேறு, எளியதென இகழ்தல் வேறு.

கல்விக்கும் இது பொருந்தும். வகுப்பறையில் ஒன்றைப் பழக்கி, தேர்வறையில் மற்றொன்றைக் கேட்பது, ஆசிரியர் இறங்கியதும் வானூர்தியை மாற்றிவிடுவது போன்றதாம். மேதைகளுக்கு நூலெழுதுதல் புகழ் தரும்; முதலடி வைப்போர்க்கு எழுதுதலோ உயிர்காக்கும் அறம். மாணவர் தனித்துப் பறக்கும் நாளை எண்ணிப் பாடம் அமைப்போமாக! இறைவன் அருள்புரிவானாக!