குவியும் மின்னஞ்சல்

ராஜபாளையம் வட்டாரத்தில் பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறார்கள். இரண்டுக்கும் வெளியூரில் இருந்து ஆர்டர் வருகிறது. முன்பு தபாலில் வந்தது. இன்று மின்னஞ்சலிலும் வருகிறது.

கூடவே குப்பையும் வருகிறது!

துணிக்கடைத் தள்ளுபடி. "கடன் வேண்டுமா?" என்ற கேள்வி. பரிசு விழுந்ததாக ஒரு பொய். இவற்றுக்கு அடியில், மகனுக்கு வேலை தர அழைத்த கடிதம் கிடக்கிறது. தேதி போன பிறகு பார்த்து என்ன பயன்?

இது பழைய தொல்லை. 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்பவர், கணினிகளை இணைத்த வலை வழியாக முதல் மின்னஞ்சலை அனுப்பினார். 1978-லேயே ஒரு கணினிக் கம்பெனி சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிவிட்டது!

அதே 1978-ல், நியூஜெர்சி மருத்துவக் கல்லூரி ஒன்றில் 14 வயதுத் தமிழ்ச் சிறுவர் 'ஈமெயில்' என்ற பெயரில் ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினார். அவர் சிவா அய்யாதுரை. ராஜபாளையம் அருகே முகவூரில் சிறு வயதில் வளர்ந்தவர். மின்னஞ்சலையே கண்டுபிடித்தவர் தாம்தான் என்று அவர் சொல்வதைக் கணினி வரலாறு எழுதுவோர் ஏற்கவில்லை. ஆனால், குவியும் மின்னஞ்சலை வகை பிரிக்கும் புரோகிராமுக்காக 1994-ல் அவர் ஒரு கம்பெனியே தொடங்கினார். பெரிய நிறுவனங்கள் அதை வாங்கின.

பிரிக்கும் வேலையை இயந்திரம் செய்யும். எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் பெட்டிக்கு உரியவரே.

என்ன செய்யலாம்?

தெரிந்த கடையின் விளம்பரம் வேண்டாம் என்றால், கடிதத்தின் அடியில் உள்ள 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல்லை அழுத்தலாம். வருவது நிற்கும். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் எதையும் அழுத்தக் கூடாது. அதை 'ஸ்பேம்' என்று ஒதுக்கிவிட வேண்டும். வங்கி, பள்ளிக்கூடம், வேலை என்று முக்கியமானவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கலாம்.

ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜி.பி. கூகுளில் சேமிக்கும் படங்களும் அதில்தான் அடங்க வேண்டும். இடம் நிரம்பினால் புதுக் கடிதம் வராது! பழைய குப்பையை நீக்கத் தயங்க வேண்டாம். நீக்கியது 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். தவறிப் போனதை எடுத்துக்கொள்ளலாம்.

பால்கோவா கிண்டும்போது கையை எடுத்தால் அடி பிடித்துவிடும். மின்னஞ்சலும் அப்படியே. தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மகனுக்கு வந்த அழைப்பு உரிய நாளில் கண்ணில் படும்.