தென்னந்தோப்பில் கோகோ: கன்றுக்கு முன் கொள்முதலுக்கு வழி வேண்டும்

அனுப்புநர்:
சிறு, குறு விவசாயிகள் சங்கத்தினர்,
படாளம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், செங்கல்பட்டு.
வழி: தோட்டக்கலைத் துணை இயக்குநர் அவர்கள்.

பொருள்: தென்னையில் ஊடுபயிராகக் கோகோ – சோதனைத் திடல், பொது நொதிப்பு நிலையம், பதிவு செய்த கொள்முதல் ஒப்பந்தம் வேண்டுதல் தொடர்பாக.



பாலாற்றுக்குத் தெற்கே கிணற்றுப் பாசனத்தில் தென்னை, கரும்பு, நெல் வைத்துப் பிழைப்பவர்கள் நாங்கள். எங்கள் தோப்புகளில் மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்தான் உணவு எடுக்கிறது. தோப்பு மண்ணில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேறொரு பயிருக்கு இடம் கொடுக்கும். தென்னை நிழலில் கோகோ வரும் என்பதைப் பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் நேரில் பார்க்கலாம். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் இந்தப் பயிருக்காகப் பெருமளவு காடு அழிந்தது. இங்கே ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. உதிரும் கோகோ இலை மண்ணை மூடி ஈரத்தைக் காக்கும். பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் சின்னஞ்சிறு ஈக்களும் அந்தச் சருகில்தான் பெருகும்.

ஆனாலும் கன்று கொடுங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் 60 கன்றுகள் வாங்கி நட்டார். நான்காம் ஆண்டு காய் வந்தது. மஞ்சளாகப் பழுத்த காயை மரக்கட்டையால் தட்டி உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய விதைகள், முப்பது நாற்பது இருக்கும். பாதிக் காய்களில் அணில் துளை. மிஞ்சியதை அவர் நெல்லைப் போலவே சிமெண்டுக் களத்தில் நேராகக் காயவைத்தார். நொதிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் வியாபாரியிடம் போனார்; அந்த வியாபாரி ஒரு விதையைப் பிளந்து பார்த்துவிட்டு, பூசணம் என்று திருப்பிவிட்டார். அடுத்த வருடம் அந்தச் செடிகள் அடுப்பெரிக்கப் போயின.

கரும்பில் எங்களுக்கு இந்தத் தவிப்பு இல்லை. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை படாளத்திலேயே இருக்கிறது; வெட்டிய கரும்பு எங்கே போகும் என்ற கேள்வியே எழாது. கோகோவுக்கும் அப்படி ஒரு போக்கிடம் முதலில் வேண்டும். ஈரவிதை 5, 6 நாள் குவியலாகவோ பெட்டியிலோ கிடந்து, இடையில் கிளறப்பட்டு, 45 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் சாக்லேட்டின் மணம் பிறக்கும். வாரத்துக்குப் பத்துக் கிலோ பறிப்பவர் வீட்டில் அந்தச் சூடு எளிதில் பிடிக்காது. பத்துப் பதினைந்து பேரின் காய் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஆகவே மதுராந்தகம் ஒழுங்குமுறை விற்பனைக்கூட வளாகத்திலோ படாளத்திலோ ஒரு பொது நொதிப்பு நிலையமும், மழைக்காலத்துக்கு உதவும் உலர்த்தியும் அமைத்துத் தரக் கோருகிறோம். எங்கள் மனுவின் உயிர்நாடி இதுதான்.

அடுத்தது விலை. 2024 கோடையில் கேரளத்தில் காய்ந்த விதை கிலோ 1,000 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் உலகச் சந்தையில் டன் 12,000 டாலருக்கு மேல் போய், மறு ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. உச்ச விலையைக் காட்டி எங்களை நடச் சொல்ல வேண்டாம். 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தின்கீழ், குறைந்தபட்ச விலையை எழுத்தில் வைத்துப் பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு வேளாண் விற்பனைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

கோகோ 1798-இலேயே குற்றாலத்துக்கு வந்த பயிர். ஆனால் குற்றாலச் சாரல் எங்களுக்கு இல்லை. எங்கள் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். ஆகவே மானியப் பரப்புக்கு இலக்கு வைப்பதற்கு முன், ஆற்றோரம் ஒன்று, மேட்டு நிலத்தில் ஒன்று, கடற்கரைப் பக்கம் ஒன்று என மூன்று விவசாயிகளின் தோப்பில் சொட்டுநீருடன் சோதனைத் திடல் வைக்க வேண்டும். ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையும், தரம் உறுதியான ஒட்டுக்கன்றும் அதற்கு வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. தென்னை சாய்ந்தால் நிழல் போய்க் கோகோவும் கருகும் என்பதால் இரண்டுக்கும் சேர்த்துக் காப்பீடு கேட்கிறோம்.

இன்னொன்று, எங்கள் மனசுக்கு நெருக்கமானது. வேடந்தாங்கல் எங்களுக்குப் பக்கத்து ஊர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீரால் அங்கே நெல் விளைகிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு அந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கியவர்கள் அவ்வூர் மக்கள். எனவே அந்தப் பறவைகளுக்குக் கேடு வராதபடி, கோகோவைத் தாக்கும் தேயிலைக் கொசுவுக்கும் காய் அழுகலுக்கும் மருந்துப் புட்டிகளைத் திட்டத்தோடு சேர்த்துத் தர வேண்டாம். கவாத்து செய்யவும், நோய்க்காயை அன்றன்றே பறித்துப் புதைக்கவும் பயிற்சி தந்தால் போதும்.

தங்கள் அலுவலர்கள் சித்திரையில் ஒரு நாள் உச்சி வெயிலில் எங்கள் தோப்புகளுக்கு வந்து, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஐப்பசி மழையில் வந்தால் எந்தத் தோப்பும் பச்சையாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்,
படாளம்.