குஞ்சுகளுக்குத் தனியிடம் வேண்டும்

"கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?" என்பது நம் முன்னோர் பழமொழி. தாய்க்கோழியைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. ஆனால், கடையில் வாங்கிய குஞ்சுகளை முதிர்ந்த கோழிகளின் கூண்டில் விட்டுவிட்டு அப்பழமொழியை நம்பியிருத்தல் தவறு என்பதே நம் கருத்து.

இதனை நாம் பட்டறிந்தே கூறுகிறோம். பள்ளிக் கூண்டில் 12 குஞ்சுகளை ஒரு மாலையில் விட்டோம். மறுநாள் காலை சபை கூடுமுன் மாணவர் சிலர் மூச்சிரைக்க ஓடிவந்தனர். நான்கு குஞ்சுகள் தலையில் கொத்துண்டு மாண்டு கிடந்தன. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அன்று பாடம் கேட்கும் நிலையில் இல்லை. குற்றம் கோழிகளுடையதன்று, நம்முடையதே.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்னும் வரிசை உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரூப் எப்பே 1920களின் தொடக்கத்தில் இதனை விளக்கி எழுதினார். சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்தவர் அவர். (நம் மாணவரும் ஒரு குறிப்பேடு வைத்துக் கொள்ளலாமே!) அவ்வரிசையில் புதிதாய் நுழையும் சிறு குஞ்சுக்குக் கடைசி இடம்கூடக் கிடைப்பதில்லை.

"அக்காலத்தில் லயத்து வீடுகளின் பின்புறம் எல்லாக் கோழிகளும் ஒன்றாய்த்தானே மேய்ந்தன?" எனப் பெற்றோர் சிலர் கேட்கின்றனர். மேய்ந்தன, மறுக்கவில்லை. ஆனால், அன்று 21 நாள் அடைகாத்த தாய் உடனிருந்தது. இறக்கைக்குள் சூடு தந்தது; பருந்தையே எதிர்த்துப் பாய்ந்தது. இன்று நாம் வாங்குபவை பொறியில் பொரித்த, தாயறியாக் குஞ்சுகள். முதல் வாரத்தில் அவற்றுக்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. ஈப்போவின் வெப்பம் போதாதா என எண்ணலாம். மழை பெய்த இரவில் போதாது. விளக்கொளியின் சூடு வேண்டும். இறகு முளைக்க முளைக்க அதனை வாரந்தோறும் குறைத்து வரலாம்.

தீனியும் வேறு. முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி; அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மேலும், முதிர்ந்த கோழி நோயின்றித் தோன்றினும் அதன் எச்சத்தின் வழி இரத்தக் கழிச்சல் பரவக்கூடும். ஈரத்தரை அதற்கு உகந்த இடம். பேராக்கில் 2006இல் பறவைக் காய்ச்சலும் கண்டது. ஆகவே காரணமறியாது இறந்த கோழியைப் பிள்ளைகள் தொடலாகாது. கூண்டைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் கட்டாயம்.

அதற்காகக் குஞ்சுகளைக் கண்காணாத இடத்தில் வளர்க்க வேண்டியதில்லை. ஒரே கூண்டின் நடுவே அரை அங்குலக் கம்பி வலையால் தடுத்தால் போதும். இருசாராரும் பார்த்துப் பழகுவர், கொத்த இயலாது. இரண்டு, மூன்று திங்களில் உடல் ஒத்து வளர்ந்தபின் தடுப்பை எடுக்கலாம். தீனித்தட்டுகள் மட்டும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். அடைக்கோழி இருப்பின், ஒரு நாள் குஞ்சுகளை இரவில் அதன் அடியில் மெல்ல நுழைத்துப் பார்க்கலாம். சில கோழிகள் ஏற்கும், சில ஏற்கா. விடியலில் சென்று பார்ப்பது நம் கடமை.

மரநாயும் மலைப்பாம்பும் உலவும் செம்பனைக் காட்டோரத்தில் மெல்லிய வலை பயன்படாது. வரும் பள்ளி விடுமுறையில் கூண்டைத் தடுக்க எண்ணியுள்ளோம். பழைய பலகை, தடித்த கம்பி வலை வைத்திருக்கும் பெற்றோர் தந்துதவ வேண்டுகிறோம். எஞ்சிய எட்டுக் குஞ்சுகளும் இப்போது அறிவியல் அறையில், ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன.