தலைக்காசு

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் கங்காணி வருவார், கிராணி வருவார், மண்டோர் வருவார், துரையும் வருவார். நான் வாசித்த வரையில் யூனிட் டிரஸ்ட் ஏஜெண்டு வந்ததில்லை. ஆனால் கோலா சாவாவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, சேமநிதியில் எவ்வளவு கிடக்கிறது என்று எங்கள் வாயாலேயே சொல்ல வைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். அவர் யாரையும் அதட்டவில்லை, அடிக்கவில்லை. அதனால் கதைக்குள் வராமல் தப்பித்துவிட்டார். "ஆலோசனை ஃப்ரீதான் அங்கிள், நீங்க ஒரு காசு எனக்குக் கட்ட வேணாம்" என்றுதான் அவர் சொன்னார்.

எனக்கு அந்த 'ஃப்ரீ'யோடுதான் சண்டை.

விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். கமிஷன் வாங்கிக்கொண்டு சொல்வதற்கு விற்பனை என்று பெயர். அதை ஆலோசனை என்று அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும். ஆலோசனைக்குக் கூலி வேண்டுமென்றால் அது விழுக்காட்டில் ஒளிந்துகொள்ளக் கூடாது. இத்தனை வெள்ளி என்று முன்கூட்டியே சொல்லி, கையில் வாங்க வேண்டும். நம் சட்டம் இதில் நமக்குப் பெரிய உதவி செய்யவில்லை. 'ஃபைனான்ஷல் பிளானர்' என்று போட்டுக்கொள்ளப் பங்குச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். நல்லது. ஆனால் யூனிட் டிரஸ்ட் விற்பவருக்கு அதிகாரபூர்வமான பெயரே 'யூனிட் டிரஸ்ட் கன்சல்டன்ட்'. விற்பவனுக்கு ஆலோசகன் என்று பதவிப் பெயரைக் கொடுத்துவிட்டு, வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று உபதேசம் செய்கிறோம்.

நிதி ஆலோசனைக்குக் காசு பிடிக்கும் வழிகள் உலகமெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வழி, விற்ற பொருளிலிருந்து கமிஷன். இரண்டாவது, வாடிக்கையாளரின் மொத்த முதலீட்டில் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு. மூன்றாவது, மணிக்கணக்குக்கோ ஒரு திட்டத்துக்கோ இவ்வளவு என்று நேரடிக் கட்டணம். நான்காவது, இவற்றைக் கலந்து கட்டியது. முதல் இரண்டில் காசு உங்கள் சேமிப்பிலிருந்தே சத்தமில்லாமல் போகும். மூன்றாவதில் மட்டும்தான் நீங்கள் பர்ஸைத் திறக்க வேண்டும். பர்ஸைத் திறப்பது வலிக்கும். அந்த வலி இல்லாத வழிகளுக்குத்தான் நம் ஊரில் 'இலவசம்' என்று பெயர்.

நம்மவர்களுக்கு முதலீடு என்றால் பெரும்பாலும் ஊழியர் சேமநிதிதான். வேறு காசு ஏது? சேமநிதிக் கணக்கில் அடிப்படைச் சேமிப்பு அளவுக்கு மேல் இருக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட யூனிட் டிரஸ்ட் நிதிகளில் போட 1996 முதல் உறுப்பினர்களுக்கு அனுமதி உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஏஜெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நலம் விசாரிக்க வருவதன் ரகசியம் இதுதான். இப்படிப் போடும் பணத்துக்கு ஏஜெண்டு வழியே வாங்கினால் 3 விழுக்காடு வரை விற்பனைக் கட்டணம். சேமநிதிக்கு வெளியே ரொக்கமாகப் போட்டால் 5 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. 2019இல் சேமநிதி வாரியம் 'ஐ-இன்வெஸ்ட்' என்ற இணைய வழியைத் திறந்தது. அதில் உறுப்பினரே நேரடியாக வாங்கலாம்; கட்டணம் அதிகபட்சம் 0.5 விழுக்காடு.

இப்போது கணக்கைப் பாருங்கள். 30,000 ரிங்கிட்டை ஒரு நிதியில் போடுகிறீர்கள். ஏஜெண்டு வழியே 3 விழுக்காடு என்றால் 900 ரிங்கிட். கைப்பேசியில் நீங்களே செய்தால் 150 ரிங்கிட், அல்லது அதற்கும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள 750 ரிங்கிட்தான் அந்த இலவச ஆலோசனையின் விலை. ஒரு மாலை நேரம், ஒரு கோப்பை தேத்தண்ணி, மூன்று கையெழுத்து. அந்தக் காசும் முழுக்க அந்தப் பையனுக்குப் போகாது. நிறுவனத்துக்கும் அவனுக்கு மேலே இருக்கும் 'அப்லைன்' அடுக்குக்கும் பங்கு உண்டு.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. பங்குச் சந்தை சார்ந்த நிதிகளில் ஆண்டு நிர்வாகக் கட்டணம் 1.5 விழுக்காடு என்பது இங்கே சர்வசாதாரணம். ஒன்றரைதானே என்று தோன்றும். நான் படித்தது மெக்கானிக்கல். குழாயில் ஒவ்வொரு வளைவிலும் அழுத்தம் கொஞ்சம்தான் குறையும். கடைசிக் குழாயில் தண்ணீர் சொட்டும்போதுதான் கூட்டிப் பார்ப்போம். கூட்டிப் பார்க்கலாம். ஒரு நிதி ஆண்டுக்கு 7 விழுக்காடு சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணமே இல்லாவிட்டால் 30,000 ரிங்கிட் 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 1,16,000 ஆகும். முதலில் 3 விழுக்காட்டையும் பிறகு ஆண்டுதோறும் ஒன்றரையையும் கழித்தால் ஏறக்குறைய 85,000. வித்தியாசம் 31,000 ரிங்கிட். நீங்கள் போட்ட முதலைவிட அதிகம். ரசீது எங்கே என்று கேட்டால் இல்லை. யாரும் உங்களிடம் 31,000 ரிங்கிட் கேட்கவே இல்லையே.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. சித்தப்பா செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். 2014இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகளில் 14 தடவை சேமநிதியிலிருந்து எடுத்துப் போட்டார், மொத்தம் 42,000 ரிங்கிட். 2019 கடைசியில் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார். 44,000 சொச்சம் இருந்தது. "ஏறித்தானடா இருக்கு?" என்றார். சேமநிதி அறிவித்த லாப ஈவை ஆண்டுவாரியாகப் போட்டுக் கணக்கிட்டேன். தொடாமல் விட்டிருந்தால் 53,000த்தை ஒட்டி வந்திருக்கும். சந்தை இறங்கியது ஏஜெண்டின் குற்றமில்லை, அதை நான் அவர் தலையில் கட்ட மாட்டேன். என் கோபம் வேறு. 14 தடவையும் அவருக்குக் கிடைத்தது கிடைத்துவிட்டது. சித்தப்பாவுக்கு லாபமா நட்டமா என்பது அவருடைய கூலியில் எங்குமே எழுதப்படவில்லை. அதைச் சொன்னபோது சித்தப்பா சொன்னது: "நம்ம தோட்டத்துப் பையன்டா, அவன் எப்படி ஏமாத்துவான்?"

அவன் ஏமாற்றவில்லை. அவன் செய்தது எல்லாம் சட்டப்படிதான். அதுதான் பிரச்சினையே.

கமிஷன் செய்யும் பெரிய தீங்கு, எடுத்துக்கொள்ளும் காசு மட்டுமில்லை. சொல்லாமல் விடும் செய்தி. அமானா சஹாம் மலேசியா போன்ற நிலைவிலை நிதிகளில் விற்பனைக் கட்டணம் கிடையாது. அதைப் பற்றிச் சொல்ல யாராவது உங்கள் வீட்டுக்கு வந்ததுண்டா? சேமநிதியில் நாமாகவே கூடுதலாகக் காசு போடலாம், கட்டணம் இல்லை. புல் வெட்டுகிறவர், பிள்ளை பார்த்துக்கொள்கிறவர், சொந்தமாக வேன் ஓட்டுகிறவர் ஆகியோருக்கு 'ஐ-சாரான்' திட்டம் இருக்கிறது. அவர்கள் போடும் காசின் மேல் அரசாங்கமும் சேர்த்துப் போடுகிறது. 2025இல் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை. எங்கள் பக்கம் எத்தனை வீட்டில் இது தெரியும்? கமிஷன் இல்லாத பொருளுக்குத் தூதுவர் இல்லை. உங்களுக்கு எது நல்லது என்ற கேள்விக்கு, எதில் அவருக்குக் காசு என்ற சல்லடை வழியே வடிகட்டப்பட்ட பதில்தான் வந்து சேர்கிறது.

இது நமக்குப் புதிதில்லை. கங்காணி முறையை எல்லாரும் சவுக்கும் அதட்டலுமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். கங்காணி ஊரிலிருந்து தன் உறவையும் தன் சாதிக்காரரையும் அழைத்து வந்தார். ஆள் சேர்த்ததற்குக் கமிஷன். அதற்கப்புறம் வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு இத்தனை காசு என்று தோட்ட நிர்வாகம் அவருக்குக் கொடுத்தது. அதுதான் தலைக்காசு. தொழிலாளி நேராக ஒன்றும் கட்டவில்லை. கங்காணியும் 'ஃப்ரீ'தான். ஆனால் தலை எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதில்தான் அவர் பிழைப்பு இருந்தது. அந்தத் தலைக்குள் இருப்பவன் நலமா என்பதில் இல்லை. உறவு என்ற நம்பிக்கைதான் அந்த முறையின் எந்திர எண்ணெய். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்தபோது கங்காணி வழி ஆட்சேர்ப்பு நின்றது. முதலில் கமிஷன், பிறகு ஆண்டுதோறும் தொடர் கமிஷன், நடுவில் "நம்ம பையன்" என்ற நம்பிக்கை. இந்த அமைப்பு மட்டும் நிற்கவில்லை. சவுக்கு போய் டை வந்திருக்கிறது.

மறுதரப்பு சொல்வதையும் கேட்போம், அதில் நியாயம் உண்டு. ஏஜெண்டு வேலை பார்க்கும் என் நண்பர்கள் இரண்டு வாதம் வைக்கிறார்கள். ஒன்று: "கமிஷனை எடுத்துட்டா தோட்டத்துக்கு யாரு மச்சான் வருவா? கட்டணம் வாங்குற பிளானர் கோலாலம்பூர்ல டத்தோக்களைத்தான் பார்ப்பான்." இது உண்மைதான். பிரிட்டன் 2012 முடிவில் முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷனைத் தடை செய்தது; நெதர்லாந்து 2013இல். அதன்பின் பிரிட்டனில் சிறுசேமிப்பாளர்கள் பலருக்கு ஆலோசகரே எட்டாமல் போனார்கள் என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. நேரடிக் கட்டணம் வந்துவிட்டால் எல்லாரும் யோக்கியர்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 2018 விசாரணை ஆணையத்தில் வெளிவந்தது என்ன? சேவையே செய்யாமல் கட்டணம் பிடித்திருக்கிறார்கள், செத்துப்போனவர்கள் கணக்கிலிருந்தும் பிடித்திருக்கிறார்கள். தானாகவே கழியும் எந்தக் கட்டணமும் கடைசியில் தலைக்காசாகத்தான் மாறும். அதனால்தான் கையில் வாங்கு என்கிறேன்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு வேண்டிய ஆலோசனை டத்தோவுக்கு வேண்டியது போன்றதா? மாதம் 2,500 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது ஐந்தாறு வரிதான். கிரெடிட் கார்டு கடனை முதலில் அடை. மூன்று மாதச் செலவைக் கையில் வை. சேமநிதியைத் தொடாதே. இறந்தால் பணம் யாருக்கு என்று பெயர் கொடுத்துவிட்டாயா, பார். மருத்துவக் காப்பீட்டை முதலீட்டோடு சேர்த்துக் கட்டுவதற்கு முன் தனித்தனி விலையைக் கேள். இதற்குப் பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. இருக்கிறது. சேமநிதி அலுவலகங்களிலேயே ஓய்வுக்கால ஆலோசனைச் சேவை இருக்கிறது. இரண்டும் கட்டணமில்லாமல், எதையும் விற்காமல் பேசுகின்றன. நம் சங்கங்களும் கோவில் நிர்வாகங்களும் திருவிழா உபயத்துக்கு அலையும் நேரத்தில் பாதியைச் செலவழித்து, இவர்களைத் தோட்ட மண்டபத்துக்கு அழைத்து, பக்கத்தில் தமிழில் சொல்ல ஓர் ஆளையும் நிறுத்தலாம்.

இரண்டாவது வாதம்: "நம்ம ஆளுங்க ஆலோசனைக்கெல்லாம் காசு கட்ட மாட்டாங்க." இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் வெட்டுகிறவர்கள் 100 வெள்ளிப் பங்குக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சின்னக் காசில்லை. எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்ததால் கட்டினார்கள். பிறகு 1980களில் மைக்கா வந்தது. ஏறக்குறைய 66 ஆயிரம் பேர் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். 2010இல் பங்குக்கு 80 காசு என்று விலை வைத்தார்கள். அந்தக் காயத்தை நாம் இன்னும் மேடை மேடையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் மைக்காவிலிருந்து நாம் கற்றது "தலைவன் திருடினால் கத்து" என்பது மட்டும்தான். திருடனே இல்லாமல், கையெழுத்தோடு, ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடாகக் கரைவதைப் பார்த்துக் கத்த நாம் இன்னும் பழகவில்லை.

இந்தியாவில் செபி 2009 ஆகஸ்ட் 1 முதல் மியூச்சுவல் ஃபண்டுகளின் நுழைவுக் கட்டணத்தை நீக்கியது. 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நிதியிலும் இடையில் ஆளில்லாத 'நேரடித் திட்டம்' ஒன்று இருந்தாக வேண்டும் என்றது. தொடர் கமிஷன் அங்கேயும் ஒழியவில்லை. ஆனால் ஒரே நிதியின் இரண்டு விலை பக்கத்துப் பக்கத்தில் தெரிகிறது; ஏஜெண்டின் விலை என்ன என்று கழித்துப் பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்குப் போதும். இங்கே அதைவிட எளிமையான ஒன்றைக் கேட்கிறேன். கையெழுத்துப் போடும் தாளின் முதல் பக்கத்தில், வாங்குகிறவருக்குத் தெரிந்த மொழியில், விழுக்காடு இல்லாமல் வெள்ளியில் மூன்று வரி. இன்றைக்கு உங்களிடமிருந்து கழிவது இத்தனை வெள்ளி. அதில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இத்தனை வெள்ளி. ஆண்டுதோறும் கழிவது ஏறக்குறைய இத்தனை வெள்ளி. விவரம் இப்போதும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, விளக்கக் கையேட்டுக்குள், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை வீட்டுக்கு ஏஜெண்டு வந்தால், தேத்தண்ணி கொடுத்துவிட்டு இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். சொந்தக்காரரிடம் கூலியைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை; கேட்காமல் விட்டதில்தான் மூன்று தலைமுறை கழிந்திருக்கிறது.

இதை வாசிக்கும் ஏஜெண்டு நண்பர்களுக்கும் ஒன்று. உங்களில் பலர் என்னோடு படித்தவர்கள், என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரர்கள். தோட்டத்தைவிட்டு வெளியே வர நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்கள் அறிவுக்கு விலை இருக்கிறது. அந்த விலையை எழுதி ஒட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 100 வெள்ளியா, 150 வெள்ளியா, சொல்லுங்கள். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், காசை நான் கட்டுகிறேன். நீங்கள் சொல்லும் பதில் "ஒண்ணும் வாங்காதீங்க அங்கிள், அப்படியே விட்டுடுங்க" என்பதாக இருந்தாலும் உங்கள் கூலி உங்களுக்குக் கிடைக்க வேண்டும். இன்றைக்கு இருக்கும் முறையில் அந்த ஒரு பதிலைச் சொல்ல மட்டும் உங்களுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.