பகிடியும் வதையும்

விழா மலரென்றால் அதில் இன்னின்ன பொருள்கள் இடம்பெற வேண்டுமென்று ஒரு வழக்கம் நம்மிடையே ஏற்பட்டுவிட்டது. கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், அதிபர்கள் ஆற்றிய பெருந்தொண்டு, பரீட்சைப் பெறுபேறுகள், துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் ஈட்டிய வெற்றிகள், எழும்பிய கட்டிடங்கள், இனி எழும்ப வேண்டிய கட்டிடங்கள் என அவ்வரிசை நீளும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் வெருகற் பகுதிப் பழைய மாணவர்களாகிய நாம், இம்மலரில் எமக்கு ஒதுக்கப்பட்ட சில பக்கங்களை வேறொரு பொருளுக்குப் பயன்படுத்த விரும்புகின்றோம். மங்கல காரியத்திடையே எழுந்த அபசுரமென்று அன்பர்கள் இதனைக் கருதாதிருப்பாராக.

பழைய மாணவர் கூடும் விருந்துகளிலே, உணவு முடிந்து வெற்றிலைத் தட்டம் வலம்வரும் வேளையில் தவறாது எழும் பேச்சு ஒன்றுண்டு. விடுதிச்சாலைக்குப் புதிதாய் வந்த சிறுவனை நள்ளிரவில் எழுப்பிக் கிணற்றடியில் நிறுத்தியது, மூத்தோரின் உடைகளை அவனைக்கொண்டு தோய்ப்பித்தது, தாய் கட்டிக்கொடுத்த பலகாரத்தை அவன் பார்த்திருக்கவே பங்கிட்டு உண்டது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படும். கேட்போர் வயிறு குலுங்கச் சிரிப்பர். எந்தக் கல்லூரியின் விருந்துக்கும் பொதுவான பேச்சு இது. சொல்பவர் தீயவருமல்லர், வைத்தியராயும் ஆசிரியராயும் உத்தியோகத்தராயும் நாட்டுக்கு நல்லன செய்தவரே இக்கதைகளைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆனால் கதையிலே வரும் அச்சிறுவனுக்கு மட்டும் எப்பொழுதும் பெயரில்லை. விருந்துக்கும் அவன் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று எவரும் வினவியதும் இல்லை.

இச்செயலுக்குப் பகிடிவதை என்றொரு சொல்லை ஈழத்துத் தமிழர் வழங்குகின்றனர். தமிழ்நாட்டிலோ ராகிங் என்னும் ஆங்கிலச் சொல்லே பெருவழக்கு. எம்மவர் சொல்லே உண்மையை உள்ளபடி உரைக்கின்றது. செய்வோனுக்கு அது பகிடி, படுவோனுக்கு வதை. விருந்திலே சொல்லப்படுவது பகிடியின் வரலாறு. வதையின் வரலாற்றை எழுதுவார் இலர்.

வெருகலைப்பற்றி நகரத்து அன்பர்க்கு ஈண்டுச் சிறிது சொல்லல் வேண்டும். மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆற்றின் கரையிலே, திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில் அமைந்தது எம் ஊர். முன்னாளில் எம்மவர் நகரத்துக்குச் செல்வதாயின் துறைக்குத் துறை பாதையேறிக் கடக்க வேண்டும். பாதை என்பது எம் நாட்டார் வழக்கில் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் மிதவை. கிண்ணியாவிலும் வெருகலிலும் பாலங்கள் அமைந்தது உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்த பின்னரே. ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார், முல்லைத்தீவும் திருகோணமலையும் கடந்து, எம் சித்திரவேலாயுத சுவாமி கோயிலிலே தங்கி இளைப்பாறி, அப்பால் மட்டக்களப்பு நோக்கிச் செல்வர். பாதம் கொப்பளித்து வரும் அவர்க்குத் தண்ணீரும் மோரும் எடுத்துக்கொடுப்பவர் பெரும்பாலும் சிறுபிள்ளைகளே. அப்பிள்ளைகள் வருவோரை ஊர் எது, குலம் எது என்று கேட்பதில்லை. முதியவராயினும் இளையவராயினும் எல்லோரும் அவர்க்குச் 'சாமி'யே. மாரியில் மகாவலி பெருகும்போதும் இவ்வாறே. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் மூதூர், வெருகல் பிரதேசங்களை வெள்ளம் சூழ்ந்தமை யாவரும் அறிந்தது. தண்ணீர் உயரும்போது அயல்வீட்டார் இன்னாரென்று எண்ணிப் பார்த்தா மனிதர் தோணி தள்ளுவர்?

இத்தகைய ஊரிலிருந்து, ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்திய சிறுவன் ஒருவன் நகரத்துக் கல்லூரி விடுதிக்கு வருகின்றான் என்று கொள்வோம். அவன் வாய்திறந்த முதல் நாளே அவன் ஊர்ப்பேச்சு நகைப்புக்குரியதாகின்றது. இரண்டாம் நாள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர். பிறகு அவன் செருப்பு காணாமற்போம். கொப்பி கிணற்றில் மிதக்கும். தட்டிலே மணல் விழும். எவரும் அவன்மீது கைவைத்திலர் என்றே விடுதிப் பொறுப்பாளர் சொல்வார். அது மெய்யாகவும் இருக்கலாம். முதற்றவணை முடிந்து ஊர் திரும்பிய பிள்ளை, வயிற்றுவலி என்றும் காய்ச்சல் என்றும் சொல்லி மீண்டும் போக மறுக்கின்றான். ஆற்றங்கரைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று அயலார் முடிவுகட்டிவிடுவர். நெல்லறுத்தும் மீன்பிடித்தும் மகனைப் படிக்கவைக்க எண்ணிய தந்தைக்கு உண்மை தெரிவதேயில்லை.

அவ்விடுதியில் ஐம்பது பேர் இருந்தனரென வைத்துக்கொண்டால், கொடுமை செய்தோர் மூவரோ நால்வரோ ஆவர். எஞ்சிய நாற்பத்தைந்து பேரும் நற்குடிப் பிறந்த நல்ல பிள்ளைகள். அவருட் பலர் சாரணர்; சிலர் முதலுதவிப் படையினர்; திருவிழாவிலே தாகசாந்தி செய்யவும் சிரமதானத்திலே மண்வெட்டி பிடிக்கவும் முன்னிற்பவர். அவர்கள் பார்த்திருந்தனர், சிலர் சிரித்தனர். எம் கருத்தில் இவ்விடயத்தின் முடிச்சு அந்நால்வரிடத்தன்று, இந்நாற்பத்தைவரிடத்தே உளது.

இஃது எம் ஊகம் மட்டுமன்று. கனடாவிலே ரொறன்ரோ நகரத்துப் பாடசாலை முற்றங்களில் பிள்ளைகள் விளையாடுவதை ஒளிப்படக்கருவியாற் பதிவுசெய்து ஆராய்ந்த பெப்ளர், கிறெய்க் முதலிய அறிஞர், தாம் கண்டவற்றை 2001இல் வெளியிட்டனர். ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை துன்புறுத்திய நிகழ்ச்சிகளில் நூற்றுக்கு 88இல் வேறு பிள்ளைகள் சூழ நின்றனர். அவருள் எவரேனும் குறுக்கிட்டது நூற்றுக்கு 19இல் மட்டுமே. குறுக்கிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்டவற்றில் துன்பம் பத்து விநாடிக்குள் நின்றுவிட்டது. பத்து விநாடி! கல்லூரிக் கீதத்தின் முதலடியைப் பாடி முடிக்கவும் அந்நேரம் போதாது. அதிபரின் பிரம்பும் பெற்றோரின் முறைப்பாடும் மாதக்கணக்கிற் செய்யமாட்டாத ஒன்றை, 'விடடா அவனை' என்னும் ஒரு தோழனின் சொல் செய்துவிடுகின்றது. பின்லாந்து நாட்டார் தம் பாடசாலைகளில் நடத்திவரும் கீவா என்னும் திட்டமும் பார்த்து நிற்போரைத் திருத்துவதையே முதன்மையாகக் கொண்டது.

இதற்கு மாறாக ஒரு வாதம் எப்பொழுதும் எழும். நாங்களும் பட்டோம், பட்டதால் வைரம் பாய்ந்தோம், இக்காலத்துப் பிள்ளைகள் வாழைத்தண்டு போல் வளர்கின்றனர் என்பர். இவ்வாதத்தைச் சொல்பவர் எல்லோரும் தப்பிப் பிழைத்தவர் என்பதை நோக்குக. 1997ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற்பீட மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதையின்போது செய்விக்கப்பட்ட கடுந்தேகப்பயிற்சிகளாற் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அதற்கு முந்திய ஆண்டிலே தமிழ்நாட்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவராற் கொல்லப்பட்டார். இவ்விரு சாவுகளின் பின்னரே அங்கு 1997இலும் இங்கு 1998இலும் சட்டங்கள் பிறந்தன. எமது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்குச் சிறைத்தண்டனை விதிக்கின்றது. சட்டம் இருக்கின்றது, பகிடிவதையும் இருக்கின்றது. பல்கலைக்கழகத்திற் புகும் மாணவன் அன்றுதான் கொடுமை கற்பதில்லை. அவன் பதினொரு வயதில் விடுதிச்சாலையிற் கற்றதையே இருபது வயதிற் பெரிதாகச் செய்கின்றான். ஆகையால் இது பல்கலைக்கழகத்தாரின் தலைவலியென்று கல்லூரிகள் கைகழுவுதல் பொருந்தாது.

எதிர்த்து நில் என்று மாணவனுக்கு உபதேசிப்பதோடு எம் கடமை தீர்ந்ததென எண்ணுவதையும் நாம் ஏற்கமாட்டோம். 2002ஆம் ஆண்டு ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலே, பகிடிவதைக்கு எதிராகக் குரலெழுப்பிய சமந்த விதானகே என்னும் மாணவர், அதுபற்றிப் பேசவென்று கூடிய இடத்திலேயே தாக்கப்பட்டு உயிர்நீத்தார். தனியொருவனாய் எழுபவனுக்கு நேரக்கூடியதை அச்சாவு காட்டிற்று. ஒரு சிறுவனை வீரனாகுமாறு ஏவிவிட்டு, பெரியோர் மேடையில் அமர்ந்திருத்தல் முறையன்று. எதிர்த்து நிற்போன் தனித்து நில்லாதவாறு ஏற்பாடு செய்வதே பெரியோர் பணி.

கூடி நிற்றல் இம்மண்ணுக்குப் புதியதுமன்று. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் தரையிலோ வகுப்பறைக்குப் புறத்தேயோ அமரவைக்கப்பட்டனர். வாங்கில் அமர்ந்திருந்த பிள்ளைகள் அதனைத் தினமும் பார்த்தே படித்தனர். ஊரெல்லாம் சேர்ந்து ஒரு குழந்தையைச் சிறுமைப்படுத்துவதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது, தீண்டாமையை எதிர்த்து நின்றது. சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்றது. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் அரசாங்கம் சம ஆசனத்தை விதித்தபோது, அது பொறாது சில பாடசாலைகளுக்குத் தீயிட்டோரும் இருந்தனர். அவ்வியக்கத்தை முன்னின்று நடத்திய ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கியதை இந்துக் கல்லூரிகளைச் சேர்ந்த யாவரும் பெருமையோடு நினைக்கலாம். மாணவராயிருந்த இளைஞர் தம் சொந்த உறவினரின் முகஞ்சுளிப்பைத் தாங்கிக்கொண்டு பக்கத்து வாங்கிலே இருக்கத் துணிந்தனர் என்பதே அவ்வரலாற்றில் எம்மைக் கவர்வது.

திருகோணமலை இந்துக் கல்லூரியின் வரலாற்றோடு பிணைந்த சுவாமி விபுலாநந்தர், 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராய் இருந்த நாளில், அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர்க்குச் சேவை என்பது வேறோர் இடத்துக்கு வண்டிகட்டிச் செல்லும் காரியமாய் இருக்கவில்லை. தாம் வாழ்ந்த இடத்துக்கு மிக அண்மையில் யார் ஒதுக்கப்பட்டிருந்தனரோ அவரிடமே சென்றார். எம் மாணவரின் சேவைக் குறிப்பேடுகளில் இரத்ததானம், மரநடுகை, முதியோரில்லம் எல்லாம் உள. பக்கத்துக் கட்டிலிற் படுத்திருக்கும் பிள்ளைக்குச் செய்ததை எழுத அதில் நிரல் இல்லை.

ஆசிரியப் பெருமக்களிடத்தும் ஒரு வேண்டுகோள். பாடசாலைகளில் உடற்றண்டனையைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் சுற்றுநிருபத்தால் விலக்கிற்று. எனினும் பிரம்பு இன்னும் பல வகுப்பறைகளில் மேசையருகே சாய்ந்திருக்கின்றது. வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்பதைக் காலையில் ஆசிரியர் செய்துகாட்ட, மாலையில் மூத்த மாணவன் ஒப்புவிக்கின்றான். இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

செய்யத்தக்கதாக எமக்குத் தோன்றுவது இது. விடுதிக்குப் புதிதாய் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், வேற்றூரைச் சேர்ந்த மூத்த மாணவர் இருவரை அண்ணன்மாராக அதிபரே நியமித்தல் வேண்டும். அப்பிள்ளைக்கு முதற்றவணையில் நேரும் எதற்கும் அவ்விருவரும் பொறுப்புச் சொல்லல் வேண்டும். ஒருவராயின் அஞ்சுவர், இருவராயின் ஒருவர்க்கொருவர் துணை. 2007இல் கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்திலே, இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து வந்ததற்காக ஒரு புதிய மாணவன் எள்ளப்பட்டபோது, மேல்வகுப்பு மாணவர் இருவர் ஐம்பது இளஞ்சிவப்புச் சட்டைகள் வாங்கிச் சகமாணவர்க்குக் கொடுத்து மறுநாள் உடுத்துவரச் செய்தனர். அந்நாட்டில் வாழும் எம் பழைய மாணவரின் பேரப்பிள்ளைகள் ஆண்டுதோறும் பெப்ரவரியில் அச்சட்டை அணிந்து பள்ளிக்குச் செல்கின்றனர். பாட்டன்மார் அதன் காரணத்தைக் கேட்டறிந்தனரோ அறியோம். மேல்வகுப்பு மாணவனுக்குக் கீழ்வகுப்பில் உள்ள செல்வாக்கு ஆசிரியர்க்கும் இல்லை. அச்செல்வாக்கை மாணவ முதல்வர்கள் இதுகாறும் வரிசை ஒழுங்குக்கும் தலைமயிர் வெட்டுக்குமே செலவிட்டு வந்துள்ளனர்.

இத்தகைய நற்செயலுக்குப் பரிசளிப்பு விழாவிலே ஒரு வெள்ளிக்கிண்ணம் வைக்கலாமென்று அன்பர் சிலர் எம்மிடம் கூறினர். நாம் அதனை விரும்பவில்லை. கிண்ணத்துக்காகக் காப்பாற்றப்படும் பிள்ளையின் நிலை இரங்கத்தக்கது. அப்பணத்தைக் கொண்டு, வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் பெற்றோர் தவணைக்கு இருமுறை விடுதிக்கு வந்து பிள்ளையைப் பார்த்துப்போகப் பேருந்துச் செலவு கொடுக்கலாம். தாய் வந்து போகும் பிள்ளையிடம் கைவைக்க எவரும் சற்றுத் தயங்குவர். நகரத்திலேயே வாழும் பழைய மாணவர் மூவர் நால்வர் தம் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் விடுதிச் சுவரில் எழுதிவைக்க உடன்பட்டால் அதுவும் பயன்படும்.

விருந்துப் பேச்சைப்பற்றி ஒன்று. அக்கதைகளைத் தடுக்கும் அதிகாரம் எமக்கில்லை. அதை நாம் கோரவுமில்லை. இவ்விழா விருந்திலே அவற்றைச் சொல்ல எழும் அன்பர், கிணற்றடியில் நின்ற அச்சிறுவனின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். அன்றிரவு 'போதும், அவனைப் படுக்க விடுங்கள்' என்று சொன்ன மாணவன் ஒருவன் இருந்தானாயின் அவன் பெயரையும் சொல்லட்டும். சபை கேட்கக் காத்திருக்கும்.