பெல்ட்டுக்கும் வயது உண்டு

காலை எட்டரை மணிக்குக் கோடம்பாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். சும்மா இல்லை, கையில் ஒரு ஸ்கூட்டர், பக்கத்தில் அழத் தயாராக இருக்கும் ஒன்பது வயதுப் பெண், முதுகுக்குப் பின்னால் விடாமல் ஹாரன் அடிக்கும் ஒரு பஸ்! அன்றைக்கென்று பெண்ணுக்குக் காலாண்டுப் பரீட்சை வேறு.

பாதி ஏற்றத்தில் 'பட்'டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் உறுமுகிறது, விளக்கு எரிகிறது, பெட்ரோலும் இருக்கிறது. சக்கரம் மட்டும் 'எனக்கென்ன வந்தது?' என்று சும்மா இருக்கிறது. பெண்ணை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டபோது பரீட்சை ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

மத்தியானம் மெக்கானிக் வண்டியின் இடது பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் பெல்ட், உரித்த வாழை நார் மாதிரி பிய்ந்து கிடந்தது.

"போன சர்வீஸ்லயே இதைத் திறந்து பார்த்துடலாம்னு சொன்னேனேம்மா!" என்றார்.

சொன்னார்தான். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியத்தில் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சொன்னவள் நான்.

வாசகிகளே, கியர் இல்லாத ஸ்கூட்டரில் கியர் மாற்றும் வேலையை யார் செய்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்தீர்களா? இந்தப் பெல்ட்தான் செய்கிறது. எஞ்சின் பக்கம் ஒரு கப்பி, பின் சக்கரத்தின் பக்கம் ஒரு கப்பி. இரண்டையும் சேர்த்து ஓடுகிறது பெல்ட். வேகம் கூடக் கூட முன் கப்பிக்குள் இருக்கும் ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி, கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. பெல்ட் அதில் மேலே ஏறுகிறது. பின் கப்பியில் உள்ளே இறங்குகிறது. கிளம்பும்போது இழுப்பும், ஓடும்போது வேகமும் கிடைப்பது இப்படித்தான். மாவரைக்கும் கிரைண்டரில் பெல்ட் அறுந்தால் மோட்டார் சுற்றும், கல் சுற்றாது. பாலத்தின் மேல் எனக்கு நேர்ந்ததும் அதேதான்.

பெல்ட்டின் இரு பக்கமும் ஓயாமல் கப்பியில் உராய்வதால் நாளடைவில் அகலம் குறைகிறது. புதிய பெல்ட்டுக்கும் கழித்துப் போடவேண்டிய பெல்ட்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கண்ணால் பார்த்து 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லிவிட முடியாது. அளவுக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எப்போது மாற்றுவது? வண்டியோடு கொடுத்த கையேட்டில் அட்டவணை இருக்கும். அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் தேடிப் பாருங்கள்! கெடு வண்டிக்கு வண்டி வேறுபடும். பல ஸ்கூட்டர்களுக்கு 20,000 கிலோமீட்டரை ஒட்டியோ, கொஞ்சம் கூடவோ இருக்கும். பள்ளிக்கூடம், ஆபீஸ், காய்கறிக் கடை என்று தினம் 20 கிலோமீட்டர் ஓட்டினால், வருஷத்தில் 300 நாளைக்கு 6,000 ஆகிறது. நாலாவது வருஷம் முடிவதற்குள் 24,000! 'நேற்றுத்தானே வாங்கினோம்' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வண்டி அது.

"நான் கோயிலுக்கு மட்டும்தான் எடுக்கிறேன்" என்கிறீர்களா? ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். இத்தாலியின் டுகாட்டி மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். 1979-ல் வந்த பாண்டா மாடலிலிருந்து, எஞ்சினின் வால்வுகளை இயக்கவே பல் வைத்த டைமிங் பெல்ட்டைப் போட்டார்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே நாசமாகிவிடும். ஆகவே பழைய மாடல்களில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பெல்ட்டை மாற்றச் சொன்னார்கள். பின்னால் வந்த சில மாடல்களுக்கு ஐந்து வருஷம். நம் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் வால்வு வேலையைச் சங்கிலி பார்த்துக்கொள்கிறது. அதனால் பெல்ட் அறுந்தால் எஞ்சின் பிழைத்துவிடும். நடுரோட்டில் நிற்பது நாம்தான்.

பெல்ட் முன்கூட்டியே சொல்லாமலும் இல்லை. ஏற்றத்தில் வண்டி திணறும். பழைய வேகம் வராது. கிளம்பும்போது கீச்சென்று கத்தலாம், உதறலாம். மூன்று வாரமாக என் வண்டியும் திணறியது. நான் என்ன செய்தேன்? பெண்ணின் புத்தக மூட்டையைக் குறை சொன்னேன். பிறகு என் எடையைச் சந்தேகித்து, ராத்திரிச் சாப்பாட்டைக் கூடக் குறைத்தேன்!

அடுத்த சர்வீஸின்போது "பெல்ட்டைக் கழற்றி அளந்து பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உள்பக்கத்துப் பற்களுக்கிடையே வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், பளபளப்பு, எண்ணெய்க் கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கெடுவுக்குக் காத்திராமல் மாற்றிவிடுங்கள். மூடியைத் திறந்த கையோடு ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாடலுக்கு உரிய அசல் பெல்ட்டாகவே போடட்டும். கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒருவேளை வழியிலேயே அறுந்துவிட்டால் பதறாதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். பிரேக் வேலை செய்யும், இண்டிகேட்டரும் எரியும். இடது பக்கம் ஒதுங்கி, முதலில் குழந்தையை நடைபாதையில் இறக்குங்கள். ஓட்டிப் பார்க்கலாம் என்று மறுபடி முறுக்காதீர்கள். அறுந்த துண்டு உள்ளே சிக்கிக்கொள்ளக்கூடும்.

எங்கள் சமையலறைக் காலண்டரில் காஸ் சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு குறிப்பும் இருக்கிறது: பெல்ட் மாற்றிய தேதியும் அன்றைய கிலோமீட்டரும். எழுதியது என் பெண். கீழே அவளாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "பரீட்சைக்கு முன்னால் பார்க்கவும்!"