ஒன்றரை மாத ஊசியும் தாயின் சர்க்கரையும்

நத்தத்திலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு வரும் கர்ப்பிணி வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழிந்தபின் ரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டியிருந்தால் அதைக் கர்ப்பகால நீரிழிவாகக் கொள்ளலாம் என்ற எளிய உபாயத்தைச் சென்னை வைத்தியர் வி. சேஷையாவும் அவருடைய சகாக்களும் வகுத்துக் கொடுத்தனர். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை அவசியம் என்று 2007-லேயே உத்தரவிட்ட பெருமை தமிழக அரசுக்கு உண்டு.

ஆயினும், இனிப்பை அதிகம் தின்றதால் வந்த வினை என்று வீட்டார் அந்தப் பெண்மீது பழி சுமத்துவது இன்னும் ஓயவில்லை. இது அறியாமை மட்டுமன்று, அநியாயமும் ஆகும். சிசுவைப் போஷிக்கும் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்களே தாயின் இன்சுலினுடைய வீரியத்தைக் குறைக்கின்றன. அதற்கு ஈடாக அதிகம் சுரக்க எந்தக் கணையத்துக்குச் சக்தி போதவில்லையோ, அந்தச் சரீரத்தில் சர்க்கரை ஏறுகிறது. தாயின் சர்க்கரை சிசுவுக்குச் செல்லும், இன்சுலின் செல்லாது. ஆதலால் சிசுவின் கணையமே மிகுதியாகச் சுரந்து, உடல் பருத்து, பிரசவம் கடினமாகிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோக, இன்சுலின் மட்டும் எஞ்சுவதால், குழந்தையின் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடவும் கூடும். பெரும்பாலோர்க்கு உணவு ஒழுங்கும் நடையுமே போதும். போதாதபோது மருந்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

என் விசாரமெல்லாம் பிரசவத்துக்குப் பின் நேர்வதைப் பற்றியதே. சர்க்கரை இறங்கிவிட்டது என்று எல்லாரும் நிம்மதி கொள்கிறார்கள். ஆனால் இப்பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதாலேயே, ஆறாவது வாரத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் சம்பிரதாயமுள்ள நம் பக்கத்தில், மாசமாயிருந்தபோது பார்த்த நர்ஸம்மா ஓர் ஊரிலும் பிள்ளை பெற்றவள் வேறோர் ஊரிலும் இருக்க, அந்தப் பரிசோதனை எளிதில் தவறிவிடுகிறது. ஆனால் அதே ஆறாவது வாரத்தில், குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட, தாய் எங்கிருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தே தீருவாள். அன்று காலை அவளை, கர்ப்பகாலத்தில் போலன்றி, வெறும் வயிற்றோடு வரும்படி முன்னரே சொல்லிவைத்து, குழந்தைக்கு ஊசி போடும் இடத்திலேயே தாய்க்கும் குளுக்கோஸ் கொடுத்துப் பரிசோதித்து, அவளுடைய அட்டையில் முடிவை எழுதித் தருவதைத் திண்டுக்கல் மாவட்டச் சுகாதாரத் துறை ஒரு நியதியாகவே ஆக்கவேண்டும்.